கல்லூரி காமெடி டீம் நண்பனுக்கு நினைவு நிகழ்ச்சி: பழைய டேப், ஸ்கிட், பேச்சு எல்லாம் எப்படிச் செய்வது?

கடைசிவரிசை:

வணக்கம். விவரத்தை மட்டும் சொல்கிறேன். 1999–2003 பேட்ச், பொறியியல் கல்லூரி. கல்ச்சுரல்ஸில் ஆட்ஜாப் (கொடுத்த பொருளுக்கு அங்கேயே யோசித்து விளம்பரம் நடிப்பது), ஸ்கிட், மைம் (பேசாமல் நடிப்பது) போட்ட எட்டுப் பேர் குழு. எழுத்து, நடிப்பு இரண்டிலும் மற்ற ஏழு பேருக்கும் மேலே நின்ற நண்பன் போன வருஷம் தவறிவிட்டான். தலைத்திவசம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் நினைவு நிகழ்ச்சி வைக்க வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது.

கையில் மூன்று மினிடிவி (MiniDV, அந்தக் கால வீடியோ கேமராவின் சின்ன கேசட்) டேப், ஒரு விஹெச்எஸ், அவன் கையெழுத்தில் ஸ்கிட் எழுதிய 80 பக்க நோட்டு ஒன்று. சென்னையில் 150 இருக்கை ஹால். நூறு பேர் வருவார்கள். முன்வரிசையில் அம்மா, மனைவி, 11 வயது மகள். மொத்தம் 90 நிமிடம்.

"பழக இனிமையானவர், நல்ல மனசு" என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசிக் கலைந்துவிடக் கூடாது. அப்பா சிரிக்க வைப்பார் என்று மகளுக்குத் தெரியும். மேடையில் அதை எப்படிச் செய்தார் என்பது தெரியாது. அதைக் காட்ட வேண்டும்.

நாடாப்பெட்டி:

முதல்ல டேப்பைக் காப்பாத்துங்க, மத்தது அப்புறம்.

ஒவ்வொரு டேப்பையும் டார்ச் வெளிச்சத்துல பாருங்க. கேசட்டுல இருக்கற ஜன்னல் வழியா தெரியற நாடாச் சுருளோட ஓரத்துல வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரியோ இருந்தா அது பூஞ்சை. சென்னை ஈரத்துக்கு இது சகஜம். அந்த டேப்பை எந்தக் கேமராவிலும் போட வேண்டாம். நாடாவைப் படிக்கற ஹெட்டுல ஒட்டிக்கிட்டு அடுத்து போடற நல்ல டேப்புக்கும் பரவும். அதை மட்டும் நாடா சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடுங்க.

டேப்போட முதுகுல ஒரு சின்ன சறுக்குப் பட்டன் இருக்கும், ரெக் / சேவ்னு. மூணையும் சேவ் பக்கம் தள்ளுங்க. கை தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது.

கேமராவுல யூஎஸ்பி ஓட்டை இருக்கேன்னு அதுல எடுக்காதீங்க. அந்தக் காலக் கேமராக்கள்ல அது பெரும்பாலும் போட்டோவுக்கும், தபால்தலை அளவு வீடியோவுக்கும்தான். டிவி (DV) அல்லது ஐலிங்க்னு எழுதியிருக்கற நாலு பின் ஓட்டைதான் ஃபயர்வயர், டேப்புல இருக்கறதை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பற இணைப்பு. இப்போதைய லேப்டாப்ல அது கிடையாது. பழைய டெஸ்க்டாப்ல 1394 கார்டு (ஃபயர்வயர் கார்டுதான்) போட்டு எடுக்கறதுதான் தொல்லை குறைவு. கேமரா தெரியலைன்னா விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல அந்தக் கார்டுக்கு லெகசி (பழைய) டிரைவரை மாத்திப் பாருங்க.

போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி, திரும்ப முதலுக்குக் கொண்டு வாங்க. இருபது வருஷமா சுத்தி வெச்ச நாடா ஒட்டிக்கிட்டு இருக்கும், இறுக்கம் சமமாகணும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், வேகமா எடுக்க வழியில்லை. மணிக்கு சுமார் 13 ஜிபி. வந்த டிவி (DV) ஃபைலை அப்படியே வெச்சுக்குங்க, சுருக்கின காப்பி தனியா இருக்கட்டும்.

படம் சதுரம் சதுரமா உடைஞ்சா ரெண்டு காரணம். ஹெட் அழுக்கு: கிளீனிங் கேசட் பத்து நொடி, அதுக்கு மேல வேண்டாம், அது ஹெட்டைத் தேய்க்கும். இல்லைன்னா எல்பி முறையில பதிவானது: 60 நிமிட டேப்புல 90 நிமிடம் ஏத்தியிருப்பாங்க. எல்பி டேப் வேற கேமராவுல சரியா ஓடாம போறது வழக்கம். பதிவு பண்ண அதே கேமராவைத் தேடிப் பிடிங்க, இல்லைன்னா அதே மாடல்.

விஹெச்எஸ்ஸுக்கு நல்ல நிலையில இருக்கற பிளேயர், ட்ராக்கிங் சரிபண்றது (படம் கோடு விழாம வர), வீடியோவை கம்ப்யூட்டருக்குள்ள எடுக்கற ஒரு கேப்சர் குச்சி. அவ்வளவுதான்.

ஒலிவாங்கி:

நாடாப்பெட்டி சொன்னதோடு ஒன்று. அந்தக் கேமராக்கள் பல, மாற்றி வைக்காவிட்டால் ஒலியை 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதியும். எடிட்டிங் மென்பொருள் அதை 48 என்று எடுத்துக்கொண்டால் உதட்டுக்கும் குரலுக்கும் பொருந்தாது. ஃபைலைத் திறந்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னும் பெரிய சிக்கல் வேறு. ஹாலின் பின்பக்கம் ஸ்டாண்டில் வைத்த கேமராவின் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பது மேடை இல்லை, சிரிக்கும் மாணவர்கள். சிரிப்பு வெடித்ததும் கேமரா தானாகவே ஒலியை இறக்கிவிடும், திரும்ப ஏற ஓரிரு நொடி ஆகும். சிரிப்புக்கு அடுத்த வசனம் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். நல்ல காமெடியனுக்கு அடுத்த வசனம்தான் உயிர், டேப்பில் தொலைவதும் அதுவே.

முழு டிராக்கையும் உயர்த்தினால் சிரிப்பு காதைக் கிழிக்கும். ஒவ்வொரு சிரிப்புக்குப் பிறகும் வரும் ஒன்றரை நொடியை மட்டும் தனியாக வெட்டி 4 முதல் 6 டெசிபெல் ஏற்றுங்கள். சிரிப்பை 3 டெசிபெல் இறக்குங்கள். சிரிப்பை நீக்கவே கூடாது. இரைச்சல் நீக்கும் கருவியைக் கொஞ்சமாகப் போடுங்கள், அதிகமானால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல ஆகும். இவ்வளவு செய்தும் வசனம் புரியாவிட்டால் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள். ஆனால் பஞ்ச் வரியை அவன் வாய் திறக்கும் முன் திரையில் காட்டிவிடாதீர்கள். அதை இரண்டாகப் பிரித்து, கடைசிச் சொல்லைத் தனி சப்டைட்டிலாக, அவன் சொல்லும் அதே ஃப்ரேமில் வையுங்கள்.

ப்ராம்ப்டர்_மயிலை:

மகளுக்கு எப்படிச் செய்தார் என்று காட்டணும்னு சொன்னீங்களே, ஒலியோட அலைவடிவத்தையே திரையில காட்டுங்க.

ஒரு நல்ல இடம் எடுத்து ஒலியை மட்டும் பெரிசாக்கிப் பாருங்க. வசனம் கொத்துக் கொத்தா இருக்கும். அப்புறம் ஒரு தட்டைக் கோடு. பிறகு கடைசிச் சொல். பிறகு சிரிப்பு மலை மாதிரி எழும்பும். நடுவுல இருக்கற அந்தத் தட்டைக் கோடுதான் உங்க நண்பர். நம்ம ஊர் பால் (PAL) முறை வீடியோவுல நொடிக்கு 25 ஃப்ரேம், எண்ணிப் பாருங்க. 30 ஃப்ரேம் நின்னிருந்தா 1.2 நொடி. அதே ஸ்கிட் வேற கல்லூரியில போட்டதும் டேப்புல இருந்தா அங்கேயும் எண்ணுங்க. முதல் கல்லூரியில 30, ரெண்டாவதுல 38ன்னு வந்தா, அந்த ஆடியன்ஸ் மெதுவா பிடிக்கறாங்கன்னு மேடையில நின்னுக்கிட்டே கணிச்சிருக்கார்னு அர்த்தம். ரெண்டு கோட்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா திரையில போட்டுக் காட்டினா 11 வயசுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டாம்.

கிளிப் ஒண்ணு ரெண்டரை நிமிஷம் தாண்ட வேண்டாம். மொத்தம் நாலு போதும். அவர் மேடைக்கு வர்றதுக்கு 15 நொடி முன்னாடியே ஆரம்பிங்க. அவர் இல்லாதப்போ ஹால் எப்படி இருந்துச்சு, வந்ததும் எப்படி மாறிச்சுன்னு தெரியணும்.

எழுத்துக்கூட்டி:

நோட்டைப் பத்தி யாரும் சொல்லலையே. என்னைக் கேட்டால் டேப்பைவிட அதுதான் புதையல்.

லாமினேட் செய்யாதீர்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் மெல்ல எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாள் அங்கேயே கிழியும். 300 டிபிஐயில், கலரில் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் 600. வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், அழுத்தி எழுதிய தடம் அடுத்த பக்கத்தில் பதிந்திருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி போட்டோ எடுத்தால் அது தெரியும்.

அடித்து எழுதிய வரிகளைத் தேடுங்கள். வெட்டிய வரியையும் அதற்குப் பதில் வந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டினால் அவர் மூளை வேலை செய்தது தெரியும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் சிரிக்க வைக்கும் சொல் அதற்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். "கடன் கேட்டதுக்கு அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்தார்" என்றால் பஞ்சாங்கத்துக்குச் சிரிக்க ஆரம்பிக்கும்போதே "எடுத்துக் கொடுத்தார்" வந்து சிரிப்பை மூடிவிடும். "கடன் கேட்டேன். அப்பா உள்ளே போய் எடுத்துட்டு வந்தார்... பஞ்சாங்கம்." இதைக் கற்றுக்கொடுக்காமலே கண்டுபிடிக்கும் மாணவர்கள் உண்டு. உங்கள் நண்பர் நோட்டில் இந்த மாதிரி திருத்தங்கள் கட்டாயம் இருக்கும். ஒரு மூன்று எடுத்தால் போதும்.

இன்னொன்று: குழுவாக உட்கார்ந்து எழுதியதில் எது யாருடைய வரி என்று இருபது வருடம் கழித்து எல்லோருக்கும் தப்பாகத்தான் ஞாபகம் இருக்கும். ஏழு பேரிடமும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், ஒருவர் பதிலை இன்னொருவருக்குக் காட்டாமல். மூன்று பேராவது தனித்தனியே அவர் பெயர் சொன்ன வரியை மட்டும் அவருடையது என்று மேடையில் சொல்லுங்கள்.

கிளிக்கூண்டு:

இந்த விஷயத்தில் எல்லோரும் பார்க்க வேண்டிய ஒரு முன்மாதிரி பிரிட்டிஷ் காமெடியன் கிரஹாம் சாப்மனின் நினைவுக் கூட்டம். சாப்மன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1883 முதல் இருக்கும் ஃபுட்லைட்ஸ் மாணவர் நாடகக் குழுவில் ஜான் க்ளீஸோடு சேர்ந்து எழுத ஆரம்பித்தவர். ஒருவர் மருத்துவம், ஒருவர் சட்டம். இருவரும் பிறகு மான்ட்டி பைத்தான் காமெடிக் குழுவில் இருந்தார்கள். சாப்மன் 48 வயதில் புற்றுநோயில் 1989 அக்டோபர் 4 அன்று இறந்தார். அவர்கள் தொலைக்காட்சித் தொடரின் முதல் ஒளிபரப்புக்கு இருபதாம் ஆண்டு நிறைவதற்கு முந்தைய நாள்.

கவனியுங்கள், இறுதிச்சடங்கு குடும்பத்தோடு தனியாக நடந்தது. கூட்டமும் கேமராவும் சேர்ந்துவிடும் என்று குழுவினர் அதற்குப் போகவில்லை. நினைவுக் கூட்டம் இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 3 அன்று, அவர் மருத்துவம் படித்த லண்டன் பார்த்தலோமியோ மருத்துவமனையின் பெரிய மண்டபத்தில். அழுவதற்கு ஒரு நாள், சிரிப்பதற்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். நீங்கள் தலைத்திவசத்துக்குப் பிறகு வைப்பது அந்த வகையில் மிகச் சரி.

க்ளீஸ் பேசியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், அது ஏன் எடுபட்டது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. "இறந்தார்" என்பதை மறைமுகமாகச் சொல்லும் சொற்களை அடுக்கித்தான் ஆரம்பித்தார். அந்த அடுக்கு, இருவரும் சேர்ந்து எழுதிய செத்த கிளி ஸ்கிட்டில் (செத்த கிளியை விற்ற கடைக்காரர், அது உயிரோடு இருப்பதாக வாங்கியவரிடம் சாதிப்பது) இருந்து வந்தது. அதாவது நண்பனுடைய சொந்த வேலையாலேயே நண்பனுக்கு அஞ்சலி. அடுத்து, இவ்வளவு திறமை இவ்வளவு சீக்கிரம் போய்விட்டதே என்று வழக்கமாகச் சொல்வதை எடுத்துக்கொண்டு அதையே கவிழ்த்தார். மண்டபத்தில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையையும் சொன்னார், சாப்மன் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று. அதெல்லாம் முடிந்த பிறகுதான் நேரடியாக, இழப்பைப் பற்றிப் பேசினார். கடைசியில் அதே குழுவின் எரிக் ஐடில் பாட, மண்டபமே சேர்ந்து பாடியது.

நம் ஊரில் இதைப் பார்த்துவிட்டு "காலமானார், சிவலோகப் பதவி அடைந்தார், மண்டையைப் போட்டார்" என்று அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது விழும். உங்கள் நண்பர் அப்படி ஒரு அடுக்கு எழுதியிருந்தால் ஒழிய அதற்கு வேர் இல்லை, செத்தவரைக் கேலி செய்வதாகவே கேட்கும். அவர் நோட்டில் எந்த உத்தி திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பேச்சை அந்த உத்தியில் கட்டுங்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று. கிளி ஸ்கிட்டில் கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நிற்பது க்ளீஸும் குழுவின் இன்னொருவர் மைக்கேல் பேலினும். சாப்மன் இல்லை. அதன் பழைய வடிவம் 1968-ல் பதிவான ஒரு டிவி நிகழ்ச்சியில் வந்தது, அங்கே ரிப்பேரான பொருள் ஒரு கார். அதை மாற்றி எழுதும்போது கிளியைக் கொண்டுவந்தது சாப்மன் என்று க்ளீஸே சொல்லியிருக்கிறார். பழுதான கார் ஒரு புகார், அவ்வளவுதான். செத்த கிளியை உயிரோடு இருக்கிறது என்று சாதித்தால் அங்கே ஒரு உலகமே பிறக்கிறது. அந்த ஒரு சொல்லைக் கொடுத்தவர் அந்தக் கவுண்டரில் இல்லை. உங்கள் நண்பர் நடித்த கிளிப்பை மட்டும் காட்டினால் பாதிதான். அவர் மேடையிலேயே இல்லாத ஸ்கிட்டில் அவர் மாற்றியது என்ன என்று தேடுங்கள்.

மேடைப்பலகை:

ஹால் வேலை பற்றி. நடைமுறையில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மாலை போட்ட படமும் குத்துவிளக்கும் மேடை நடுவில் இருந்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான். அவற்றை நுழைவாயில் கூடத்தில் வையுங்கள், வருகிறவர்கள் பூ போட்டுவிட்டு உள்ளே வரட்டும். உள்ளே மேடையோரம் அவர் சிரிக்கிற மாதிரி ஒரு படம், மாலை இல்லாமல். மௌன அஞ்சலியை ஸ்கிட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள், அந்த அமைதியிலிருந்து கூட்டம் மீள நேரம் பிடிக்கும். தொடக்கத்திலேயே வைத்து, பிறகு நிதானமான ஒரு பேச்சு, பிறகு முதல் கிளிப்.

பொன்னாடை வேண்டாம். ஐந்து பொன்னாடைக்குப் பத்து நிமிடம் போய்விடும்.

150 இருக்கையில் நூறு பேர் பரவி உட்கார்ந்தால் சிரிப்பு தொற்றாது. பின்னால் ஐந்து வரிசையைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். பேசுகிறவர்களுக்குக் காலர் மைக் தராதீர்கள். விசும்பலும் மூக்குறிஞ்சுவதும் ஸ்பீக்கரில் வரும், பேசுகிறவருக்குத் தர்மசங்கடம். கை மைக் என்றால் தேவைப்பட்டபோது இறக்கிக்கொள்ளலாம். பேச்சு ஆறு நிமிடம், எழுதி வைத்து, பெரிய எழுத்தில் அச்சிட்டு, பக்க எண் போட்டு. அழுகை வந்து நின்றுவிட்டால் தொடர்ந்து படிக்க இன்னொருவர் பக்கத்தில் அதே தாளோடு இருக்க வேண்டும்.

முதல் சிரிப்புக்கு அனுமதி தர வேண்டியது அம்மா. எல்லா கிளிப்பையும் ஒரு வாரம் முன்னாடி வீட்டில் போட்டுக் காட்டுங்கள். ஹாலில் முதல் தடவையாக மகன் குரலைக் கேட்டால் அவர் உடைந்துவிடுவார், ஹாலும் உறைந்துவிடும்.

கடைசிவரிசை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு ஸ்கிட்டை மறுபடி மேடையேற்றலாம் என்று பேச்சு. அவன் வேஷத்தை யார் போடுவது? குழுவில் ஒருவர் அவனை மாதிரியே பேசுவார்.

ப்ராம்ப்டர்_மயிலை:

அவர் மாதிரியே பேசறவரை மட்டும் போடாதீங்க. மிமிக்ரி ஆகிடும், வீட்டுக்காரங்களுக்கு வலிக்கும். அந்த வேஷத்தை அவரைப் பார்த்தே இராத ஒரு இப்போதைய மாணவர்கிட்ட கொடுங்க. வசனம் தானா நிக்குதான்னு அப்பதான் தெரியும். டேப்பைப் பார்க்க விடாதீங்க. அந்த 30 ஃப்ரேம் இடைவெளியை மட்டும் சொல்லிக்கொடுங்க.

எழுத்துக்கூட்டி:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. ஒரு குழுவின் சிரிப்பு அந்த ஆட்களின் பழக்கத்தில் இருக்கிறது. புதுப் பையன் நடுவில் வந்தால் மற்ற ஏழு பேரும் தடுமாறுவார்கள். உட்கார்ந்து, ஸ்கிரிப்டைக் கையில் வைத்துப் படியுங்கள். அவர் வரிகளை மட்டும் ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

நாடக ஆசிரியர் கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படிக்கும்போது 1972-ல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு நாடகம் எழுதித்தான் தொடங்கினார். அவர் 2019 ஜூன் 10 அன்று மறைந்த பிறகும் குழு அவர் நாடகங்களை மேடையேற்றியது. ஆனால் அங்கே நடுவில் இருந்தது பல வருடமாக மாது என்ற அதே பாத்திரத்தில் நடித்துவரும் தம்பி பாலாஜி. புது ஆள் இல்லை.

ப்ராம்ப்டர்_மயிலை:

ஏத்துக்கறேன், தொடர்ந்து போடற குழுவுக்கு அது சரி. இங்க இருபது வருஷமா யாரும் மேடை ஏறலை. படிக்கறதே போதும்னா அதுக்கும் மூணு தடவை சேர்ந்து படிங்க. சிரிப்பு உச்சத்துல இருக்கும்போது அடுத்த வரி பேசக் கூடாது, அடங்கி மூணுல ஒரு பங்கா ஆகும்போது எடுக்கணும். பழகாதவங்க ஒண்ணு சிரிப்பு மேலேயே பேசுவாங்க, இல்லை முழுசா அடங்கட்டும்னு காத்திருந்து செத்துப்போக விடுவாங்க.

பழைய ஸ்கிட்டுல உடம்பைக் கேலி பண்றது, திக்குவாய், பொம்பளை வேஷம் இருந்தா வெட்டிடுங்க. பேஜர், எஸ்டிடி பூத் ஜோக் இப்போ பாதி ஹாலுக்குப் புரியாது. ஜோக்குக்கு முன்னாடி விளக்கம் சொன்னா போச்சு. தொகுப்பாளர் பத்து நிமிஷம் முன்னாடியே வேற ஏதோ பேசற மாதிரி பூத்துல மீட்டர் ஓடறதைப் பத்தி ஒரு வரி போட்டு வெச்சுடட்டும்.

ஆட்ஜாப்_அடிமை:

ஆட்ஜாப்பை மறுபடி நடிக்காதீங்க, அது அந்த நிமிஷத்துல பிறந்தது. அதுக்குப் பதிலா ஹால்லயே ஒண்ணு நடத்துங்க. ஏழு பேருக்கும் அஞ்சு நிமிஷம் யோசிக்க, மூணு நிமிஷம் நடிக்க. விக்க வேண்டிய பொருளை மகள் சீட்டுல எழுதிக் கொடுக்கட்டும், அப்பாவோட பொருள் ஏதாவது ஒண்ணு. யாருக்கும் முன்கூட்டி சொல்லாதீங்க. சொதப்பினாலும் பரவாயில்லை, ஆட்ஜாப்புல சொதப்பலும் சிரிப்புதான்.

நாடாப்பெட்டி:

யூடியூப்ல ஏத்தறதா இருந்தா ரெண்டு விஷயம். எழுதினவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம் காப்புரிமை உண்டு, அது இப்போ வாரிசுகள்கிட்ட இருக்கு. அவங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. சேர்ந்து எழுதினதுக்கு மத்த ஏழு பேரும் சம்மதிக்கணும். கல்லூரி ஸ்கிட்டுல நடுநடுவுல சினிமாப் பாட்டு இருக்கும், அதனால வீடியோவையோ ஒலியையோ முடக்க வாய்ப்பு இருக்கு. பாட்டு வர்ற இடத்தை வெட்டின காப்பி ஒண்ணு தனியா வெச்சுக்குங்க.

கடைசிவரிசை:

டேப்புகளைப் பார்த்தாயிற்று. இரண்டு சுத்தம். மூன்றாவதின் ஓரத்தில் வெள்ளையாக இருக்கிறது. லேபிளில் அவன் கையெழுத்து, "ஃபைனல்ஸ், முழுசு" என்று. மகள் அதைத்தான் முதலில் கேட்கிறாள்.

நாடாப்பெட்டி:

அதைத் தொடாதீங்க. லேபிளை மட்டும் ஒரு போட்டோ எடுத்துட்டு, டேப்பை ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு, நிக்க வெச்ச மாதிரி வையுங்க. ஃபிரிட்ஜ்ல வேண்டாம், வெளிய எடுக்கும்போது வேர்த்துடும். சுத்தமான ரெண்டையும் இந்த வாரமே எடுத்து முடிங்க. மூணாவதைச் சுத்தம் பண்ணினவங்க திருப்பிக் கொடுத்தா, அது ஒரே ஒரு தடவை ஓடத்தான் உத்தரவாதம்னு வெச்சுக்குங்க. கேப்சர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொண்ணைப் பக்கத்துல உட்கார வெச்சு, அந்த முதல் தடவையே பார்க்கட்டும்.